ஏடு பரிசோதித்த பிள்ளையவர்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆய்வேடு எழுதும் மாணாக்கர் தொகை இன்று பெருகியுள்ளது. வவுனியாவில் வளாகமாக இருந்த கல்விநிலையம் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் சில நடைபெறுகின்றன. இவற்றிற் பயில்வோரும், பிற இடங்களிற் பயின்று விடுமுறைக்கு ஊர் திரும்புவோரும், தாம் எழுதிய வரைவைத் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற விழைகின்றனர். ஆசிரியரும் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, ஒற்று மிகாவிடத்து மிகுந்ததையும் லகர ளகரம் மயங்கியதையும் களைந்து தாளைத் திருப்பிக் கொடுக்கின்றார். எழுத்துத் திருந்திற்று, கட்டுரை திருந்திற்றா என்பதே வினா. முதலதிகாரத்தில் எழுப்பிய ஐயத்துக்கு இறுதியதிகாரத்தில் விடை இல்லையாயின், சான்று ஓரிடத்தும் முடிபு வேறோரிடத்தும் கிடக்குமாயின், ஒற்றுப்பிழை நீங்கியதனால் விளையும் பயன் சிறிதே.

எழுத்தைத் திருத்துமுன் அமைப்பைத் திருத்துதல் வேண்டும் என்பதைத் தம் வாழ்நாட்பணியால் விளக்கிச் சென்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் என அவரை யாவரும் அறிவர். அவர் அப்பணியை எங்ஙனம் செய்தார், எங்கே வென்றார், எங்கே வழுவினார் என்பவற்றை அறிதல் ஆய்வேடு எழுதுவோர்க்கும் அதனைத் திருத்துவோர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

இளமையும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 12ஆந் தேதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி அம்மையார். இளமையிலே சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமார் நடத்திய பாடசாலையிற் பயின்றபின், வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்து ஆங்கிலமும் கணிதமும் தருக்கமும் வானநூலும் கற்றுத் தேறினார்.

இவ்விருவகைக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியமை பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. கவிராயரிடம் கற்ற கல்வி சொல்லின் நுட்பத்தைக் காட்டிற்று. செமினரியிற் கற்ற தருக்கமும் கணிதமும் ஒரு கூற்று மற்றொரு கூற்றின்மேல் எவ்வாறு நிற்கின்றது, எவ்விடத்தே படி ஒன்று குறைகின்றது என்பதைக் காணும் கண்ணைக் கொடுத்தன.

கல்வி முடிந்ததும் கோப்பாயிலே ஆசிரியராய் அமர்ந்தார். அக்காலத்தே நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். நல்லூர் ஆறுமுகநாவலரை இளமையிற் பயன்படுத்திக்கொண்ட பேர்சிவல் பாதிரியார் அந்நாளிற் சென்னை சேர்ந்து தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். அவர் அழைப்பை ஏற்றுப் பிள்ளையவர்கள் கடல்கடந்து சென்று அப்பத்திரிகையின் ஆசிரியரானார். பிறர் எழுதியனுப்பியதைப் படித்துக் குறைத்து, ஒழுங்குசெய்து, உரிய இடத்தில் வைக்கும் பயிற்சி அவர்க்கு அங்கே வாய்த்தது. சென்னை இராசதானிக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் பிள்ளையவர்களே. மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்கள்.

கணக்கும் சட்டமும்

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டை அரசினர் கல்லூரியிற் சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குச்சாலையில் உயர்பதவி வகித்தார். 1871ஆம் ஆண்டு சட்டத்திற் பட்டம் பெற்றார். உத்தியோகத்தினின்று நீங்கியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1887ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியானார். 1895ஆம் ஆண்டு அரசினர் அவருக்கு இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர்.

கணக்காய்வோன் ஒரு தொகையைக் கண்டால் அதற்குரிய சீட்டு எங்கே என்று தேடுவான். நீதிபதி ஒரு கூற்றைக் கேட்டால் அதற்குச் சாட்சி யாவர் என்று வினவுவார். ஏட்டைப் பரிசோதிப்பவனுக்கு வேண்டிய குணமும் இதுவே. பகலிற் பிள்ளையவர்கள் செய்த உத்தியோகம் இரவில் அவர் செய்த தமிழ்ப்பணிக்குப் புறம்பானது போலத் தோன்றினும், உண்மையில் இரண்டும் ஒரே பயிற்சியாயின.

நாவலர் காட்டிய வழி

தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு 1868ஆம் ஆண்டு அச்சேறியது. அதனை வெளிப்படுத்தியவர் பிள்ளையவர்கள். பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். தாம் பட்டதாரியாயிருந்தும், பெரும்பதவி வகித்தும், தம் கைப்பிரதியைத் தம்மினும் வல்லார் ஒருவர் கண்ணுக்கு உட்படுத்தியன்றி அச்சுக்குக் கொடுக்க அவர் துணியவில்லை. இவ்வடக்கம் இன்றைய மாணாக்கர் கருத்திற் கொள்ளத்தக்கது. எழுதியவன் கண் தான் எழுத நினைத்ததையே தாளிற் காணும்; எழுதியதைக் காண்பதற்குப் பிறிதொரு கண் வேண்டும்.

1879ஆம் ஆண்டு நாவலர் சிவபதமடைந்தார். அதன்பின் அப்பெருஞ்சுமை பிள்ளையவர்கள் தோளில் வந்திறங்கியது. 1881இல் வீரசோழியம், 1883இல் தணிகைப்புராணமும் இறையனாரகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891இலும் 1892இலும் தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியருரையுடன் என அவர் பதிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. இவ்வளவும் உத்தியோகத்துக்கும் வழக்குக்கும் இடையே, பெரும்பாலும் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்தவை.

ஏட்டின் நிலை

அவர் கைக்கு வந்த ஏடுகளின் நிலையை இக்காலத்து மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனையோலையிற் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே வடிவின. காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பத்தி கிடையாது. நூற்பா எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று, உரைகாரர் காட்டிய உதாரணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே நீர்ப்பெருக்காய் ஓடும். போதாக்குறைக்கு ஓலையின் ஓரம் உதிரும். பூச்சி அரித்த துளையில் எழுத்து மறையும். கயிறு அறுந்தால் ஓலைகள் வரிசை மாறும். பெயர்த்தெழுதியவர் அறியாமையால் விட்டனவும் அறிவு மிகுதியாற் சேர்த்தனவும் வேறு.

இத்தகைய ஏட்டைப் பரிசோதிப்பவன் எழுத்துப்பிழையைத் திருத்தத் தொடங்கினால் என்றும் முடியாது. முதற்கண் நூலின் எலும்புக்கூட்டை அறிந்துகொள்ளவேண்டும். தொல்காப்பியம் மூன்றதிகாரம், அதிகாரம் ஒன்றுக்கு இயல் ஒன்பது, ஆக இருபத்தேழு. இக்கணக்கை அறிந்தவனுக்கே எந்த இயல் எங்கே தொடங்குகின்றது, எது முழுமை, எது குறை என்பது விளங்கும். வீரசோழியம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என ஐந்தாக வகுக்கப்பட்டது. கலித்தொகையிற் கடவுள்வாழ்த்து நீங்கலாகப் பாலைக்கு 35, குறிஞ்சிக்கு 29, மருதத்துக்கு 35, முல்லைக்கு 17, நெய்தலுக்கு 33 என நூற்று நாற்பத்தொன்பது பாட்டுகள் திணைவாரியாக நிற்கின்றன. இவ்வகுப்பை மனத்திற் கொண்டே பாடலும் உரையும் பிரிக்கப்படவேண்டும். பிரித்தபின்னரே பாடவேறுபாடு பார்க்கவும் எழுத்தைத் திருத்தவும் இடமுண்டாகும்.

பாயிரம் தந்த அளவுகோல்

அமைப்பை முதலிற் பார்க்கும் இம்முறை மேனாட்டார் கற்பித்தது என்று சிலர் எண்ணக்கூடும். நன்னூற் பாயிரத்தைப் படித்த எவரும் அவ்வாறு எண்ணார். நூலுக்குரிய குற்றம் பத்து என்று பவணந்தியார் வகுத்தவற்றை எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் வழுவுடைய சொல்லைக் குறிப்பது ஒன்றே. எஞ்சியவற்றுட் பெரும்பாலன அமைப்பைப் பற்றியவை. வேண்டியதைக் குறைத்தல், வேண்டாததை மிகுத்தல், சொன்னதையே மீளச் சொல்லுதல், முன்னொன்றும் பின்னொன்றுமாய் முரணுதல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல், போகப்போகப் பொருள் தேய்ந்து முடிதல் ஆகிய இவை யாவும் சிவப்பு மைக்கு அகப்படாத குற்றங்கள். முழு வரைவையும் ஒருமுறை படித்து, ஒவ்வொரு பகுதியும் என்ன தொழில் செய்கின்றது என்று வினவினாற்றான் அவை வெளிப்படும்.

சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக அவர் கூறியவையும் அத்தகையனவே. ஆசிரியன் யாவன், எந்த முன்னூலின் வழியது, எந்த எல்லையுள் வழங்குவது, பெயர் யாது, எதன்பின் எது வருவது, நுவலும் பொருள் என்ன, யாருக்காக எழுதப்பட்டது, பயன் யாது என்பன அவை. இக்கால ஆய்வேட்டின் முன்னுரையிற் பேராசிரியர்கள் எதிர்பார்க்கும் ஆய்வுப்பொருள், ஆய்வெல்லை, முன்னாய்வு, பயன் ஆகியவற்றை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகச் சிறிதென்பது புலனாகும். பிள்ளையவர்கள் இம்மரபில் வளர்ந்தவர்.

பதிப்புரை என்னும் கணக்கு

பிள்ளையவர்களின் பதிப்புகளிற் பலவற்றின் முகப்பில் நீண்ட பதிப்புரை இருக்கும். ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, யார் உதவினர், அவை எந்நிலையில் இருந்தன, எவ்விடத்தே ஐயம் தீரவில்லை என்பவற்றை அவர் ஒளியாது உரைப்பார். நூலாசிரியர் காலம், நூலின் வரலாறு ஆகியவற்றையும் காரணங்காட்டி ஆராய்வார். வீரசோழியப் பதிப்புரையிலே தமிழிலக்கிய வரலாற்றைப் பல காலங்களாக வகுத்துக்காட்டவும் முனைந்தார். அவர் வகுத்த காலங்களைப் பின்வந்தோர் ஏற்றிலர். ஆயினும் வகுத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை ஏற்றுக்கொண்டனர். இப்பதிப்புரைகள் பின்னர்த் தாமோதரம் என்னும் பெயரில் 1971ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பலர் அவர்க்கு ஏடுதவினர். அவர் ஏழாலையில் ஒரு பாடசாலை நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் அங்கே கற்பித்தார்; பரிசோதனைப் பணியிலும் பிள்ளையவர்களுக்குத் துணைநின்றார். கும்பகோணத்திலே அதே காலத்தில் உ. வே. சாமிநாதையரவர்கள் கல்லூரித் தமிழாசிரியராயிருந்தார். பிள்ளையவர்களின் கலித்தொகை வெளிவந்த 1887ஆம் ஆண்டிலேயே ஐயரவர்களின் சீவகசிந்தாமணியும் வெளிவந்தது. ஐயரவர்கள் அப்பணியை மேலும் நுட்பமாக வளர்த்துச் சென்றார் என்பதை ஒப்புக்கொள்வதாற் பிள்ளையவர்களின் புகழுக்குக் குறைவு யாதுமில்லை. பாதையில் முதலிற் செல்பவன் முள்ளை மிதித்தே செல்லவேண்டும்.

நேர்ந்த வழு

இனி, புகழுரையோடு அமைந்துவிடாது ஒன்றைக் கூறவேண்டும். 1885இல் வெளிவந்த பொருளதிகாரம் முழுவதும் நச்சினார்க்கினியருரை என்றே பிள்ளையவர்கள் கருதிப் பதிப்பித்தார். அவர் மறைந்தபின் வந்த ஆராய்ச்சியாளர் உரையின் நடையையும் கருத்து மாறுபாடுகளையும் ஒப்புநோக்கி, இறுதி நான்கு இயல்களில் உள்ளது பேராசிரியர் உரை என்று நிறுவினர். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் அந்நான்கும் வேறொரு கையின் வேலை. அவ்வாறே கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் ஒருவரே பாடினார் என்று கொண்டு, நல்லந்துவனார் கலித்தொகை என்று அவர் பெயரிட்டார். திணைக்கொருவராகப் புலவர் ஐவர் பாடியது என்பது பின்வந்தோர் பலர் கொள்கை. அது பற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இவ்விரண்டும் எழுத்துப்பிழை அல்ல. அமைப்பைப் பற்றிய பிழை. ஒரு கட்டுக்குள் இருப்பது ஒருவர் கைவண்ணமே என்று கொண்டதால் நேர்ந்தது. அமைப்பைக் காண்பதில் வல்லவரையே அமைப்பு ஏமாற்றியது என்றால், அப்பணி எத்துணை அரியது என்பதை உய்த்துணரலாம். எனினும் இப்பிழை எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். ஏடுகளின் குறையை மறைத்து, ஐயத்தை விழுங்கி, எல்லாம் தெளிவென்று அவர் அச்சிட்டிருப்பின் பின்வந்தோர்க்குப் பிடி கிடைத்திராது. நூலைப் பலர் கையிலும் சேர்த்து, தாம் செய்ததைச் சொல்லிச் சென்றமையாற் பிறர் திருத்த முடிந்தது. பிழையற்ற வரைவு உலகில் இல்லை. திருத்தத்தக்க வரைவு உண்டு. பிள்ளையவர்கள் விட்டுச் சென்றது அத்தகையது.

இறுதிக்காலம்

பதவியினின்று ஓய்வு பெற்றபின்னும் ஏட்டையும் எழுத்தாணிக் குறிப்பையும் அவர் விட்டாரல்லர். கட்டளைக்கலித்துறை, சைவமகத்துவம், நட்சத்திரமாலை, சூளாமணி வசனம் முதலிய நூல்களையும் மாணாக்கர்க்கு வாசகப் புத்தகங்களையும் இயற்றினார். 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி சென்னையில் உலக வாழ்வை நீத்தார். அப்போது அவர்க்கு வயது அறுபத்தெட்டு.

வன்னி மாணாக்கர்க்கு

பிள்ளையவர்களின் வரலாறு நம் நிலத்து மாணாக்கர்க்கு வேறெவர்க்கும் இல்லாத அளவு நெருங்கியது. வற்றாப்பளைக் கண்ணகையம்மன் வழிபாட்டோடு இயைந்த சிலம்புகூறல் போன்றவை இந்நிலத்தில் ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கிவந்தன. வீட்டுப் பெட்டிகளிற் கிடந்த ஏடுகளும் கொப்பிகளும் 2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரின் இடப்பெயர்வுகளிற் பெருமளவு அழிந்தன. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981ஆம் ஆண்டு எரியுண்டபோது அங்கிருந்த ஏடுகளும் அவ்வாறே போயின. இனி எஞ்சியிருப்பது முதியோர் நினைவு. அந்நினைவைக் கேட்டெழுதும் மாணாக்கன் வரைவு நாளை ஒற்றை ஏடாகிவிடும். சொன்ன பெரியவர் மறைந்தபின், எழுதியவன் தாளன்றி வேறு சான்று இராது.

ஆதலால் ஒரு வரைவைத் திருத்துங்கால் முதற்கண் கேட்கவேண்டியது இது: இதிற் பெரியவர் சொன்னது எது, நூலிற் கண்டது எது, மாணாக்கன் தானே கருதியது எது என்று பிரித்தறிய இயலுமா? நூற்பாவும் உரையும் கலந்து ஓடிய ஏட்டைப் போல அவை கலந்து கிடப்பின், பின்னொருநாள் எந்தப் பரிசோதகராலும் பிரிக்க முடியாது. சொன்னவர் ஊர், கேட்ட நாள், கேட்ட சூழல் ஆகியவை உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து, ஒவ்வோர் அதிகாரத்துக்கும் ஒரு வரியிற் சுருக்கம் எழுதச் செய்தல் வேண்டும். அச்சுருக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்தாற் கதை தொடர்கின்றதா, ஓரிடத்தில் அறுந்து விழுகின்றதா என்பது தெரியும். அறுந்தவிடத்து ஓலை ஒன்று விழுந்துபோயிற்று என்று கொள்க. இரண்டு அதிகாரங்களுக்கு ஒரே சுருக்கம் வருமாயிற் கூறியதையே கூறினான் என்று கொள்க. எவ்வதிகாரத்திலும் அடங்காத பத்தி அழகியதாயினும் நீக்கத்தக்கது. எடுத்த வினா முடிபுரையில் விடைபெறுகின்றதா என்று பார்த்து, தீராத ஐயத்தைத் தீராதது என்றே எழுதச் செய்தல் வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் சிவப்பு மைப் பேனாவை எடுக்கலாம்.

இம்முறையிற் காலம் மிகச் செல்லும் என்று ஆசிரியர் சிலர் சலிப்புறலாம். கணக்குச்சாலையிலும் நீதிமன்றத்திலும் பகற்பொழுதைக் கழித்த ஒருவர், உதிரும் ஓலைகளோடு பல ஆண்டுகள் இரவிற் கண்விழித்தார். அவ்விரவுகளாலேயே தொல்காப்பியப் பொருளதிகாரம் நம் வகுப்பறை மேசைமேல் இருக்கின்றது. மாணாக்கன் கொணரும் நாற்பது பக்க வரைவுக்கு நாம் இரண்டு மாலைப்பொழுதைக் கொடுப்பது அதனோடு நோக்கப் பெரிதன்று.